கணக்குக்கு முந்தைய கேள்வி: பொறியியல் கொள்கைப் படிப்பின் நிறையும் குறையும்

1979இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த ஓர் ஆய்வு, வீட்டருகே செல்லும் மின்கம்பிகளுக்கும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்றது. அதன்பின் வந்த ஆய்வுகளில் சில அதை ஆமோதித்தன, சில மறுத்தன. பெற்றோர் அஞ்சினார்கள்; மின் நிறுவனங்கள் ஆதாரம் போதாது என்றன. 1989இல் அமெரிக்கக் காங்கிரஸின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகத்துக்காக இந்திரா நாயர், கிரேஞ்சர் மார்கன், கீத் ஃப்ளோரிக் ஆகியோர் எழுதிய அறிக்கை இந்த இழுபறிக்கு நடுவே ஒரு வழி சொன்னது. ஆபத்து உண்டா இல்லையா என்று இப்போது அறுதியிட முடியாது. ஆனால் சிறு செலவில் தவிர்க்க முடிந்ததைத் தவிர்க்கலாம். புதிதாகப் போடும் மின்தடத்தை மக்கள் நெருக்கத்திலிருந்து விலக்கிக் கொண்டுபோகலாம். அதற்காக ஏற்கெனவே உள்ள கம்பிகளையெல்லாம் பெரும்பணம் கொட்டிப் பிடுங்க வேண்டியதில்லை.

அந்த அறிக்கையை எழுதியவர்கள் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், பொறியியலையும் பொதுக்கொள்கையையும் சேர்த்துக் கற்பிக்கும் துறையைச் சேர்ந்தவர்கள். 1970களில் உருவான அத்துறையை மார்கன் பல பத்தாண்டுகள் வழிநடத்தினார். அதே காலத்தில், 1976இல், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியில் ரிச்சர்ட் டி நியூஃப்வில் தொழில்நுட்பமும் கொள்கையும் இணைந்த முதுநிலைப் படிப்பைத் தொடங்கினார். அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்று பல நாடுகளில் இவ்வகைப் படிப்புகள் உள்ளன. இந்திய இளம் பொறியாளர்களும் இவற்றைத் தேடிப் போகிறார்கள். இந்தப் படிப்பு எதை நன்றாகக் கற்பிக்கிறது, எதைத் தவறவிடுகிறது என்று எடைபோட இது சரியான நேரம்.

முதலில் நிறை. தெரியாததை ஒளிக்காமல் சொல்லும் ஒழுக்கமே இப்படிப்பின் மிகப் பெரிய கொடை. வழக்கமான பொறியியல் வகுப்பில் விடை ஓர் எண்ணாக வரும். அரசுக்குத் தேவைப்படும் விடைகள் அப்படி வருவதில்லை. மார்கனும் மேக்ஸ் ஹென்ரியனும் 1990இல் எழுதிய ‘அன்சர்ட்டன்டி’ என்ற நூல், நிச்சயமின்மையைக் கணக்கின் உள்ளேயே ஏற்றி அளக்கும் முறைகளை விளக்கியது. ஓர் எண்ணுக்குப் பதில் ஒரு வீச்சைச் சொல். அந்த வீச்சு எந்த ஊகத்தால் விரிகிறது, எதனால் சுருங்குகிறது என்று காட்டு. நிபுணர்கள் முரண்பட்டால் அந்த முரண்பாட்டை மறைக்காதே. இந்தப் பயிற்சி பெற்றவர் அமைச்சரின் விருப்பத்துக்கு ஏற்ப ஓர் எண்ணைத் தயாரித்துக் கொடுக்கக் கூசுவார். இதை நான் பெரிய அறமாகவே மதிக்கிறேன்.

இரண்டாவது நிறை, மக்களின் மனத்தைக் கேட்டறியும் முறை. வீட்டுத் தரையின் அடியிலிருந்து கசியும் ரேடான் வாயு நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு காரணம். அதே கார்னகி மெலன் துறையின் பாரூக் ஃபிஷ்ஹாஃப் முதலியோர் சாதாரண மக்களிடம் விரிவாகப் பேசிப் பார்த்தபோது, ரேடான் ஒருமுறை புகுந்தால் வீடு நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்று பலர் நம்புவது தெரிந்தது. உண்மையில் ரேடான் சில நாட்களில் சிதைந்துவிடும். கசிவை அடைத்துக் காற்றோட்டம் செய்தால் வீடு மீளும். இந்தத் தவறான நம்பிக்கையைத் தொடாத எச்சரிக்கைத் துண்டறிக்கையை எத்தனை அச்சடித்தும் பயனில்லை. கேட்ட பிறகே சொல்ல வேண்டும் என்பதைப் பொறியாளருக்குக் கற்பித்தது இத்துறை.

இனிக் குறை. கார்னகி மெலனிலேயே பிறந்த இன்னொரு ஆய்விலிருந்து தொடங்கலாம். கலிஃபோர்னியா 1990இல், 1998 முதல் விற்பனையாகும் கார்களில் 2 விழுக்காடு புகையே விடாதவையாக இருக்க வேண்டும் என்று விதித்தது. அன்று கைக்கெட்டிய மின்கார் ஈய அமில பேட்டரியில் ஓடுவது. லெஸ்டர் லேவும் சக ஆய்வாளர்கள் இருவரும் 1995இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஈயத்தைத் தோண்டுவது, உருக்குவது, மறுசுழற்சி செய்வது எல்லாவற்றையும் சேர்த்தால், அத்தகைய மின்கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியேற்றும் ஈயம், ஈயம் கலந்த பெட்ரோலில் ஓடும் காரைவிட 60 மடங்கு இருக்கும் என்றார்கள்.

புகைக்குழாயோடு நின்றுவிடாமல் ஒரு பொருளின் முழு ஆயுளையும் பார்த்தது இந்த ஆய்வின் பலம். ஆனால் குழந்தைகள் மூச்சில் இழுக்கும் ஈயமும் ஆலைக் கழிவில் கிடக்கும் ஈயமும் ஒரே கூட்டலில் சேர்ந்துவிட்டன. இரண்டும் செய்யும் கேடு ஒன்றல்ல என்று விமர்சகர்கள் எதிர்த்தார்கள். பின்னாளில் மின்கார்கள் லித்தியம் பேட்டரிக்கு மாறியபோது, அந்த எண்ணின் அடித்தளமே போய்விட்டது. கூட்டலில் தவறில்லாமலேயே முடிவு தடம் புரளலாம். எதை எதனோடு கூட்டுவது, எந்த எல்லைக்குள் நிறுத்துவது என்பவை கணக்குக்கு முன்பே எடுக்கப்படும் முடிவுகள். கணக்கிடும் முறைகளுக்குக் கிடைக்கும் பாடநேரம் இந்த முன்முடிவுகளுக்குக் கிடைப்பதில்லை.

இந்தக் குறை பெரிய அளவில் வெளிப்பட்ட இடம் நெவாடா மாநிலத்தின் யூக்கா மலை. அணுமின் நிலையமே இல்லாத மாநிலம் அது. நாட்டின் அணுக்கழிவைப் புதைக்க வேறு இடங்களையும் பரிசீலித்துவந்த அமெரிக்கக் காங்கிரஸ், 1987இல் இந்த ஒரே மலையைத் தேர்ந்தது. பிறகு ஆயிரம் கோடி டாலருக்கு மேல் செலவானது. நீர் எப்படிக் கசியும், உலோகம் எப்போது அரிக்கும் என்று 10,000 ஆண்டுகளுக்கு மாதிரிகள் கட்டினார்கள். அந்தக் கால எல்லை போதாது என்று 2004இல் நீதிமன்றம் தள்ளியது. அந்நிலம் தங்களுடையது என்ற மேற்கு ஷோஷோனி பழங்குடியினரின் கோரிக்கைக்கு எந்த மாதிரியிலும் இடமில்லை. 2002இல் மாநிலம் தன் மறுப்பைப் பதிவு செய்தது. காங்கிரஸ் அதை மீறியது. ஒபாமா ஆட்சியில் திட்டம் நின்றுபோனது. இத்தனை ஆய்வாலும் உள்ளூர் மக்களின் சம்மதத்தை ஈட்ட முடியவில்லை.

ஃபின்லாந்தில் யூராயோக்கி நகராட்சிக்கு இதே போன்ற திட்டத்தை மறுக்கும் சட்ட உரிமை இருந்தது. ஏற்கெனவே அணுமின் நிலையத்தோடு வாழ்ந்துவந்த அவ்வூர் 2000இல் சம்மதித்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் உறுதி செய்தது. மறுக்கலாம் என்ற உரிமை இருந்ததால்தான் அந்தச் சம்மதத்துக்கு மதிப்பு வந்தது. ரேடான் ஆய்வில் மக்களைக் கேட்டது, அவர்களுக்குச் சரியாக எடுத்துச் சொல்வதற்காக. முடிவெடுப்பதில் அவர்களுக்குப் பங்கு தருவது வேறு வேலை. அதற்குச் சட்டமும் வரலாறும் அரசியலும் தெரிந்திருக்க வேண்டும். இப்படிப்பில் இவை பெரும்பாலும் விருப்பப்பாடங்களாகவே ஒதுங்கி நிற்கின்றன.

கொள்கைப் படிப்பை ஒட்டி வளர்ந்த தொழில்நுட்ப மேலாண்மைப் பிரிவில் கேள்வி இன்னும் சுருங்குகிறது. ஜப்பானியத் தொழிற்சாலைகளிடம் சந்தையை இழந்துகொண்டிருந்த அமெரிக்காவில், ஆய்வகக் கண்டுபிடிப்பை விரைவில் பொருளாக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். எம்ஐடி 1981இல் அதற்கான படிப்பைத் தொடங்கியது. 1987இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு இத்துறையின் தேவையை ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது. இதன் பயன் உண்மையானது. எந்தத் திட்டத்தைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று பொறியாளரும் நிதிப் பொறுப்பாளரும் ஒரே மொழியில் பேச முடிந்தது. ஆனால் இங்கே அளவுகோல் நிறுவனத்தின் ஆதாயம். கொள்கைப் படிப்பின் அளவுகோல் பொதுநலம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. எந்த வகுப்பில் எந்த அளவுகோல் என்பதை மாணவருக்குத் தெளிவாகச் சொல்லாவிட்டால், நிறுவனத்தின் கேள்வியையே நாட்டின் கேள்வியாக எண்ணிப் பழகிவிடுவார்.

ஆலோசனை சொல்பவர் இருந்தால் போதாது, கேட்பவரும் வேண்டும். மின்கம்பி அறிக்கையைக் கேட்டு வாங்கிய தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் 1972இல் சட்டத்தால் உருவானது. சுமார் 750 ஆய்வுகளை வெளியிட்டது. 1995இல் காங்கிரஸின் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை அதன் நிதியை நிறுத்தி மூடியது. நிபுணத்துவம் எவ்வளவு தேர்ந்ததானாலும், அதற்கு ஆதரவாக நிற்கும் பொதுமக்கள் இல்லையென்றால் ஒரே ஒரு பட்ஜெட் வாக்கெடுப்பில் போய்விடும். அந்த ஆதரவைத் தேடுவதும் தங்கள் வேலை என்று இத்துறை நினைக்கவில்லை.

மாற்றுவழிக்கான தொடக்கம் இந்தியாவிலேயே இருக்கிறது. மும்பை ஐஐடியில் 1985இல் தொடங்கிய கிராமப்புறத் தொழில்நுட்ப மாற்றுகளுக்கான மையத்தில் முதுநிலை மாணவர்கள் கிராமத்தில் தங்கிக் களப்பணி செய்கிறார்கள். குடிநீரோ அடுப்போ, சிக்கல் என்ன என்பதை அங்கே வாழ்பவர்களோடு சேர்ந்து கண்டறிகிறார்கள். பிட்ஸ்பர்க்கின் கணக்கு நேர்மையும் இந்தக் களப் பழக்கமும் ஒரே பாடத்திட்டத்தில் சேர வேண்டும் என்பதே என் வாதம்.

அதற்குச் செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. ஒவ்வொரு ஆய்வேட்டின் முதல் இயலும், இந்தக் கேள்வியை யார் எழுப்பினார்கள், யார் விடுபட்டார்கள் என்று சொல்லட்டும். கார்னகி மெலனின் திட்டப் பாடங்களில் மாணவர் குழுக்கள் வெளியார் அடங்கிய மதிப்பாய்வுக் குழுவின் முன் பதில் சொல்லும் வழக்கம் உண்டு. அக்குழுவில் திட்டத்தால் பாதிக்கப்படுபவர் ஒருவரும் அமரட்டும். அணை, அணுஉலை, மின்தடம், கழிவுக்கிடங்கு எல்லாமே ஏதோ ஓர் ஊரின் மண்ணில்தான் வந்து இறங்குகின்றன. அந்த ஊர்க்காரர் தேர்வாளராக அமரும் நாளில்தான் இந்தப் பட்டம் தன் பெயரிலுள்ள ‘பொது’ என்ற பகுதிக்கு முழுத் தகுதி பெறும்.