ஆட வந்தவர் பாடிய பாட்டு

ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் பாட்டை முதன்முதலாகக் கேட்கப் போகிறீர்களா? எழுந்து நின்று கேளுங்கள். கால் தானாகத் தாளம் போட்டால் தடுக்காதீர்கள். அவர் பாட்டில் பாதி ரசனை காலில்தான் இருக்கிறது.

1934 நவம்பர் 21. நியூயார்க்கின் ஹார்லெமில், அப்போலோ தியேட்டரில் புதுமுகங்களுக்கான போட்டி. மேடையேறிய 17 வயதுப் பெண் ஆடுவதாகத்தான் இருந்தார். அம்மா போய் இரண்டு வருடம். சிறுமிகளுக்கான சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பி வந்து, ஹார்லெம் தெருக்களில் நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு முன் ஆடிய எட்வர்ட்ஸ் சகோதரிகள் அரங்கையே அள்ளிக்கொண்டு போக, இவருக்குக் கால் எழவில்லை. பாடிவிட்டார். முதல் பரிசு, 25 டாலர்.

அன்று அவர் பாடியது கானி பாஸ்வெல்லின் பாணியில். அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்த இசைத்தட்டில் கேட்டுப் பழகிய குரல் அது. சொந்தக் குரல் வர இன்னும் சில வருடம் ஆயிற்று. அது வந்த இடம் சவாய் என்ற நடனக்கூடம். முதலில் அவர் தோற்றத்தைப் பார்த்துத் தயங்கிய டிரம்ஸ் கலைஞர் சிக் வெப், 1935-ல் அங்கே வாசித்துவந்த தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். கூட்டம் ஆடிக்கொண்டிருக்கும்போது பாடுகிறவர் கொஞ்சம் இழுத்தாலும் ஆடுகிறவர்களின் அடி தடுமாறும். அதைவிடக் கறாரான பாட்டு வாத்தியார் கிடையாது.

1938-ல் வந்த ‘எ-டிஸ்கெட், எ-டாஸ்கெட்’டிலிருந்து தொடங்குங்கள். கூடையைத் தொலைத்த சிறுமியைப் பற்றிய குழந்தைப் பாட்டை ஸ்விங் இசைக்கு மாற்றியது. அர்த்தத்தை விட்டுவிட்டு எழுத்துகளைக் கவனியுங்கள். ட, க, ப என்று வல்லினமாக விழும். ஒவ்வொன்றும் டாப் நடனக்காரரின் லாடம் பதித்த ஷூ பலகையில் தட்டுவதுபோல. கடைசியில் குழுவினர் கூடையின் நிறத்தைக் கேட்டுக் கேட்டுச் சீண்ட, இவர் அடுக்கடுக்காக மறுப்பார். அந்த மறுப்புகள் ஒவ்வொன்றும் தாளத்தில் எங்கே வந்து அமர்கின்றன என்று பாருங்கள்.

பட்ட கஷ்டம் இந்தக் குரலில் தெரியவில்லையே என்று குறைபடுகிறவர்கள் உண்டு. என்னால் ஏற்க முடியவில்லை. தெருவில் தூங்கிய பெண் காயத்தைத்தான் பாட வேண்டும் என்று கேட்க நாம் யார்? அவர் மகிழ்ச்சியைப் பாடினார். அந்த லேசான குரலை அவர் உழைத்துச் சம்பாதித்தார்.

அடுத்து, 1960-ல் பெர்லினில் நேரடியாகப் பதிவான ‘மேக் த நைஃப்’. நடுவில் வரிகள் மறந்துபோகும். மறந்துவிட்டதையே பாட்டாக்கி, அங்கேயே சொல் கட்டி, லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகரப்பையும் எடுத்துவிடுவார். பாஸ்வெல்லைப் பிடித்த அதே காது. சொல் நழுவிய இடத்தை நாலைந்து முறை திருப்பிக் கேளுங்கள். தாளம் ஒரு மயிரிழைகூட நழுவியிருக்காது.

அதே கச்சேரியின் ‘ஹவ் ஹை த மூன்’ கடைசிக்கு இருக்கட்டும். கற்பனாஸ்வரம் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமில்லை. ஸ்வரப் பெயர்களுக்குப் பதிலாக வெறும் அசைகள், இடையிடையே வேறு பாட்டுகளின் துணுக்குகள். நிமிடக்கணக்கில் ஓடிவிட்டு, முடிவை நெருங்கும்போது, கண்ணில் புகை எரிவதாகச் சொல்லும் ஒரு பழைய காதல் பாட்டின் மெட்டைப் பிடித்து, தன் கண்ணில் வியர்வை இறங்குகிறது என்று பாடுவார்.