காரைச் சுவரும் கரிசல் தரையும்

வெயில் தாங்கும் மரபு வீடு பற்றி எழுதுகிறவர்கள் காட்டும் படங்கள் பெரும்பாலும் பாலைவனத்துப் படங்கள். ஜெய்சல்மேரின் கல் மாளிகைகள், கட்ச் பகுதியின் வட்ட மண்வீடுகள், எகிப்தில் ஹசன் பாத்தி 1940களில் கட்டிய புது குர்னா கிராமம். தடித்த சுவர், சிறிய சன்னல், நடுவில் முற்றம் என்ற அந்தச் சூத்திரத்தை அப்படியே கரிசல் மண் சூழ்ந்த கோவில்பட்டிக்கும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் பாதிதான் இங்கே செல்லும்.

பாலைவனத்தில் பகலுக்கும் இரவுக்கும் 15 பாகை வேறுபாடு சாதாரணம். பகல் முழுக்கச் சூட்டைக் குடித்த சுவர் இரவில் ஆறிவிடும். கரிசல் காட்டில் சித்திரை, வைகாசி மாதங்களில் 10, 11 பாகை வேறுபாடு கிடைத்தாலே அதிகம். இரவிலும் புழுக்கம் நிற்கிறது. ஒன்றரை அடி மண்சுவரைத் தாண்டி வெயில் உள்ளே வந்து சேரவே பொழுது சாய்ந்துவிடும். அதற்குப் பிறகு அந்தச் சூட்டை விரட்டக் காற்று வேண்டும். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று கயத்தாற்றில் காற்றாலைகளையே சுற்ற வைக்கும் வலுவுடையதுதான். ஆனால் அது ஆனி பிறந்த பிறகு வரும் காற்று, கூடவே புழுதியையும் அள்ளி வரும். பின்மதிய வெயிலுக்கும் இந்தப் புழுதிக்கும் பயந்து மேற்குச் சுவரைக் குருட்டுச் சுவராக விட்டால், இரவுக் காற்றுக்கும் வழி இல்லாமல் போகிறது.

அப்படியானால் கரிசல் காட்டுப் பழைய வீடுகளில் இரவைக் கழித்தது எப்படி? வீட்டுக்குள் கழிக்கவில்லை. திண்ணையிலும் முற்றத்திலும் தெருவில் போட்ட கயிற்றுக் கட்டிலிலும் கழித்தார்கள். வீடு பகல் நிழலுக்கு, தெரு இரவுத் தூக்கத்துக்கு. இந்த ஏற்பாட்டில் தெருவும் வீட்டின் ஓர் அறை. கதவைப் பூட்டிக்கொண்டு படுக்கும் இன்றைய குடும்பத்துக்குச் சுவரின் தடிமனை மட்டும் பழைய கணக்கில் கொடுத்தால், நள்ளிரவில் வியர்த்து எழுந்து மரபைத் திட்டத்தான் செய்வார்கள்.

கூரை விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை, பழையதுதான் மேல். சுண்ணாம்புக் காரை வீட்டின் மட்டப்பாவில், அதாவது தட்டைக் கூரையில், உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டித் தட்டி இறுக்கி, கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் விட்டுப் பதப்படுத்தி, தட்டோடு பதிப்பார்கள்; அந்தக் கனத்தைத் தாண்டி வெயில் எளிதில் கீழே இறங்காது. பனங்கை மேல் நாட்டு ஓடு போட்ட வீட்டிலோ, ஓட்டின் இடுக்குகள் வழியே சூடான காற்று தானே வெளியேறும். நாலைந்து அங்குல கான்கிரீட் தளத்துக்கு இந்த இரண்டு குணமும் கிடையாது. பகலில் குடித்ததை இரவு முழுக்கத் தலைக்கு மேலிருந்து கக்கும். மின்விசிறி அதைக் கீழே இறக்கிவிடும், அவ்வளவுதான்.

ஆனால் கரிசலில் வீட்டைச் சோதிப்பது மேலே இருக்கும் சூரியன் மட்டுமா? சூரியனைவிடக் காலடி மண்ணே பொல்லாதது என்பேன். பாலைவன நூல்களில் இந்த அத்தியாயம் கிடையாது. கரிசலில் உள்ள மாண்ட்மோரிலோனைட் என்னும் களிமக் கனிமம் தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இங்கே ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டிவிடுகிறது. மாதக்கணக்கில் காய்ந்து வெடித்துக் கிடந்த மண் சட்டென்று ஊறுகிறது. வெளிச்சுவர் ஓரம் முதலில் உப்பி எழும்பும், வீட்டின் நடுவில் மண் காய்ந்தே இருக்கும். கோடையில் இது தலைகீழாகும். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல் அப்படி வருவதுதான். கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மரபு இதற்குச் சொன்ன வழிகள் மூன்று. சரள் மேட்டிலோ செவல் திட்டிலோ ஊரை வைப்பது. கரிசலைத் தாண்டிச் சுக்கான் பாறை தட்டும்வரை கடைக்கால் வானம் தோண்டுவது. இரண்டும் முடியாதவர்கள் லேசான மண்குடிசை கட்டி, பொங்கலுக்குப் பொங்கல் விரிசலைப் பூசி மெழுகுவது. முதல் வழி ஊர் பெருத்ததும் தீர்ந்துபோனது. இரண்டாவது கரிசல் ஆழமாகக் கிடக்கும் இடத்தில் பணக்காரருக்கே கட்டுப்படியாகாது. மூன்றாவதன் கூலி கணக்கில் ஏறாதது: பூசியதும் மெழுகியதும் வீட்டுப் பெண்கள். ஆகவே தரையைப் பொறுத்தவரை மரபின் கையில் முழு விடை இல்லை என்பதை அதன் ரசிகர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். விடை ரூர்க்கியிலிருந்து வந்தது. அங்குள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய குமிழ் அடித்தூண்கள், மண் அசையாத ஆழத்துக்கு, சுமார் மூன்றரை மீட்டருக்கு இறங்கி, அடியில் இரண்டரை மடங்கு அகன்று பிடித்துக்கொள்கின்றன.

பொதுவான பசுமை அறிவுரைகளும் இங்கே வந்தால் தடம் புரள்கின்றன. சுவரை ஒட்டி வேம்பு வைத்தால் நிழல் உண்டு. அதன் வேர் கடைக்காலின் ஈரத்தைக் குடித்து மண்ணைச் சுருக்கவும் செய்யும். 2003 முதல் தமிழகத்தில் கட்டாயமான மழைநீர் சேகரிப்புக் குழியைச் சுவரோரமாகவே வெட்டினால், உப்பவேண்டாத இடத்தில் மண்ணை நாமே உப்ப வைக்கிறோம். குழி தள்ளி இருக்க வேண்டும்; சுவரைச் சுற்றி மூன்றடிக்குச் சரிவான தளம் வேண்டும்.

சுண்ணாம்பின் கதை வேறு. கரிசலில் சுண்ணாம்பு கலந்தால் உப்பும் குணம் குறையும். காரைச் சாந்து சிறு அசைவுக்கு உடையாமல் ஈடுகொடுக்கும். அந்தச் சுண்ணாம்பு இந்த வட்டாரத்துப் பூமியிலேயே கிடக்கிறது. ஆனால் துலுக்கப்பட்டியிலும் ஆலங்குளத்திலும் ஆலைகள் வந்தபின் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகப் போனது, காளவாசல் அணைந்தது. காரை இடிக்கும் ஆளும் இல்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. காரை வீடு எல்லாருக்கும் வாய்த்ததில்லை. நிலம் உள்ளவருக்குக் காரையும் ஓடும், மற்றவருக்கு ஓலையும் கம்மந்தட்டையும் என்பதுதான் தென்மாவட்டக் கிராமங்களில் இருந்த நிலை. அதில் சாதியின் கையும் உண்டு. தீப்பெட்டித் தொழில் வீட்டுத் திண்ணைவரை வந்த இந்த ஊர்களில் ஓலைக்கூரை என்றால் தீப்பயமும் கூடவே வரும். பெட்டி ஒட்டும் பெண்களுக்கு உள்ளே வெளிச்சமும் போதாது. அந்த வீட்டுப் பிள்ளைகள் கான்கிரீட்டைக் கேட்பதைப் புரியாத ஆசை என்று நகர்ப்புறக் கட்டடக் கலைஞர்கள் சலித்துக்கொள்வது எனக்கு எரிச்சலூட்டுகிறது. அந்தப் பிள்ளைகள் கேட்பது மரியாதையும்தான்.

அரசுத் திட்டங்கள் அந்த ஆசைக்கு ஒரே வடிவம் கொடுத்துவிட்டன. 2011இல் வந்த பசுமை வீடு திட்டம் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. பெயரில் இருந்த பசுமை சூரிய விளக்கோடும் மழைநீர்க் குழியோடும் நின்றது. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடிக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. அதில் 300 சதுர அடி கான்கிரீட். மிச்சம் 60 சதுர அடியில் தீப்பிடிக்காத எந்தக் கூரையும் பயனாளி விருப்பம். அந்த 60ஐ அடுப்படிக்கென்று பின்பக்கம் ஒதுக்கிவிடாமல், மேற்குச் சுவரை ஒட்டி ஓடு வேய்ந்த தாழ்வாரமாக இறக்கினால் பின்மதிய வெயில் சுவரைத் தொடாது. தாழ்வாரத்துக்குள் ஒரு சன்னல் வைத்தால் ஆனிக் காற்று நேராக மோதாமல் உள்ளே வரும், பெட்டி ஒட்ட வெளிச்சமும் இருக்கும். தளத்துக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்க ஒரு மூட்டை போதும்.