சுடாத சொல்

'நெருப்பு' என்ற சொல் சுடாது. ஆனாலும் அதைக் கேட்டதும் எழுந்து ஓடுகிறோம். மனத்தின் கருத்து உடலின் செயலாவது எப்படி என்பது பௌத்த அளவையியலின் பழைய கேள்விகளில் ஒன்று.

திக்நாகர் அறிவை இரண்டாக வகுத்தார்: கருத்துக் கலவாத காட்சி, பொதுமைகளைக் கொண்டு இயங்கும் அனுமானம். உலகில் இருப்பவை தனித்தனிப் பொருள்களே. 'பசு' என்ற பொதுமை எந்த வயலிலும் மேய்வதில்லை. பசு அல்லாதவற்றை விலக்கி மனம் அதை உண்டாக்கிக்கொள்கிறது. இந்த விலக்கலுக்கு அபோகம் என்று பெயர்.

அப்படி உண்டாக்கிய ஒன்றை நம்பிப் போனவருக்குப் பால் கிடைப்பது எப்படி? தர்மகீர்த்தி ஓர் உவமை சொல்கிறார். ஒருவர் இரத்தினத்தின் ஒளியை இரத்தினம் என்று எண்ணி ஓடுகிறார். இன்னொருவர் விளக்கின் ஒளியை அவ்வாறே எண்ணி ஓடுகிறார். இருவர் எண்ணமும் பிழை. ஆனால் முதலாமவருக்கு இரத்தினம் கிடைக்கிறது, அவர் பின்தொடர்ந்த ஒளி அதிலிருந்தே வந்ததால்.

அவருடைய மூலிகை உதாரணம் இன்னும் ஆழமானது. காய்ச்சலைத் தணிக்கும் மூலிகைகள் ஒன்றுக்கொன்று வேறானவை. பொதுவான சாரம் எதுவும் அவற்றுக்குள் இல்லை. அவை தரும் பயனும் அந்தப் பயனை நாடும் நம் தேவையுமே அவற்றை ஒரு பெயரின் கீழ் சேர்க்கின்றன. ஆக, கருத்துப் பிறந்த பின் விருப்பம் வந்து ஒட்டிக்கொள்வதில்லை. கருத்து உருவாகும்போதே விருப்பமும் அதற்குள் இருக்கிறது.

இங்கேதான் எனக்கு ஒரு தயக்கம். நாடியதைத் தருவதே அளவுகோல் என்றால் 'அவர்கள்' என்ற சொல்லும் தேறிவிடும். விலக்கலால் பிறந்து அவ்வளவு வேகமாகச் செயலாகும் சொல் வேறில்லை என்பது ஊரைவிட்டு வந்த நமக்குத் தெரியும். தர்மகீர்த்தியும் இதை அறிவார். பிரமாணவார்த்திகத்திலேயே, 'நான்' என்ற எண்ணத்திலிருந்து 'பிறர்' பிறப்பதையும், அந்தப் பிரிவிலிருந்து பற்றும் வெறுப்பும் வளர்வதையும் காட்டுகிறார். அவரை வெறும் தருக்கவாதியாக வாசிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மணிமேகலையையும் நாம் இப்படித்தான் வாசிக்கிறோம். 29ஆம் காதையில் வரும் அளவை நெறியை வறண்ட பாடமென்று ஒதுக்குகிறோம். காஞ்சியில் அறவண அடிகள் அத்துடன் நிறுத்தவில்லை. 30ஆம் காதையில் பன்னிரு சார்புகளைச் சொல்கிறார். முதலாவது பேதைமை, அடுத்தது செய்கை. சம்ஸ்காரம் என்பதற்குச் சாத்தனார் ஆளும் தமிழ்ச் சொல் அது. சரியாக அனுமானிக்கக் கற்றவள், தன் அனுமானத்தை எந்த வேட்கை ஓட்டுகிறது என்றும் அறிந்தாக வேண்டும். அந்த இரு காதைகளையும் பிரிக்காமல் வாசித்தால்தான் அவள் நோன்பு நமக்குப் புரியும்.