குரோமோசோம் எண்ணிக்கையும் மரபணு இருப்பிடமும்: நன்னீர் மீன் ஒப்பாய்வுகள் பற்றிய ஒரு திறனாய்வு

நன்னீர் மீன்களின் மரபியலைப் பற்றிய நூல்களிலும் கட்டுரைகளிலும் வாசகர் கண்ணில் முதலில் படுவது ஓர் எண். ரோகு 50, விரால் 40, குரவை 32 என்று அட்டவணை போடப்பட்டிருக்கும். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள், தேர்விலும் கேட்கப்படுகிறது. எண் ஒன்றாக இருந்தால் மீன்கள் நெருங்கிய உறவின, வேறாக இருந்தால் தூரத்து உறவின என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்தே மனத்தில் பதிந்துவிடுகிறது. இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். குரோமோசோம் எண்ணிக்கை ஒப்பீட்டின் தொடக்கம் மட்டுமே. எந்த மரபணு எந்தக் குரோமோசோமில் அமர்ந்திருக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்க்காத ஒப்பீடு பாதி ஒப்பீடுதான்.

எண்ணுவது எப்படி

குரோமோசோம்கள் தெளிவாகத் தெரிவது செல் பிரியும் வேளையில்தான். எனவே செல் பிரிதல் மிகுதியாக நடக்கும் சிறுநீரகம், செவுள் போன்ற திசுக்கள் எடுக்கப்படுகின்றன. அதற்கு முன்பே மீனுக்குக் கோல்ச்சிசின் என்னும் மருந்து செலுத்தப்படும். அது பிரிதலை நடுவில் நிறுத்திவைக்கிறது. பிறகு செல்களை நீர்த்த உப்புக் கரைசலில் இட்டு ஊதச் செய்து, மெத்தனாலும் அசெட்டிக் அமிலமும் கலந்த நிலைநிறுத்திக் கரைசலால் பதப்படுத்தி, கண்ணாடித் தகட்டில் பரப்பி, ஜீம்சா சாயம் ஏற்றுகிறார்கள். நுண்ணோக்கியில் தெரியும் குரோமோசோம்களைப் படமெடுத்து இணை இணையாக அடுக்கினால் கேரியோடைப் கிடைக்கிறது.

எளிய கருவிகளைக் கொண்டு கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யத்தக்க முறை இது. நூற்றுக்கணக்கான மீன் இனங்களின் குரோமோசோம் எண்ணிக்கை நமக்குக் கிடைத்திருப்பதற்கு இந்த எளிமையே காரணம். இதன் பயனைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. கிடைத்த எண்ணிலிருந்து என்ன முடிவு செய்கிறோம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரே எண், வெவ்வேறு மீன்கள்

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் இந்தியப் பெருங்கெண்டைகள் எனப்படுகின்றன. மூன்றிலும் குரோமோசோம்கள் 50. ஆய்வகங்களில் வளர்க்கப்படும் ஜீப்ரா மீனுக்கும் 50தான். கெண்டைக் குடும்பத்திலும் அதை அடுத்த உறவுக் குடும்பங்களிலும் 50 என்பது மிகப் பரவலான எண். கைவிரல் நீள ஜீப்ரா மீனையும் பல கிலோ எடைக்கு வளரும் கட்லாவையும் இந்த எண்ணை வைத்துப் பிரித்தறிய முடியாது. பழைய மூதாதையிடமிருந்து வந்த எண்ணைப் பல கிளைகள் மாற்றாமல் வைத்திருக்கின்றன. அதனால் எண் ஒன்றாக இருப்பது நெருக்கத்துக்குத் தனிச் சான்றாகாது.

இதில் மீன் வளர்ப்போரைப் பாதிக்கும் செய்தி ஒன்றும் உண்டு. பெருங்கெண்டைகள் மூன்றும் ஒன்றோடொன்று கலந்து கலப்பினக் குஞ்சுகளைத் தரக்கூடியவை. 1957ஆம் ஆண்டு கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரியும் அலிக்குன்ஹியும் பிட்யூட்டரிச் சாறு செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்து வெற்றி கண்டனர். அதன்பின் மீன்குஞ்சு உற்பத்தி பொரிப்பகங்களின் கைக்கு வந்தது. பல இனங்களை ஒரே தொட்டியில் ஒரே நேரத்தில் முட்டையிட விட்டால் கலப்பினம் தற்செயலாகவே உண்டாகும். கட்லாவிலிருந்து 25, ரோகுவிலிருந்து 25 எனச் சேர்ந்த கலப்பினத்துக்கும் 50தான் வரும். ரோகு என்று சொல்லி விற்கப்படும் குஞ்சு உண்மையில் ரோகுதானா என்ற கேள்விக்கு எண்ணிக்கை பதில் சொல்லாது. இந்தக் கலப்பினங்கள் இனப்பெருக்கம் செய்யக்கூடியவை என்பதால் அவை தாய் மீன் இருப்பிலும், வெள்ளத்தில் தப்பி ஆறுகளிலும் கலந்தால் தூய இனங்களின் மரபு மெல்ல மெல்லக் கரைந்துபோகும். இதைக் கண்டறியக் குறிப்பிட்ட மரபணுக் குறியீடுகளைத்தான் நாட வேண்டும்.

எண்ணிக்கை நன்றாகப் பேசும் இடமும் இருக்கிறது. சாதாக் கெண்டைக்கும் தங்கமீனுக்கும் 100 குரோமோசோம்கள். 50ஐப் போல் சரியாக இருமடங்கு இருப்பதே ஒரு காலத்தில் முழு மரபுத்தொகுதியும் இரட்டித்தது என்ற ஐயத்தை எழுப்பியது. ஆனால் அந்த ஐயம் உறுதியானது மரபணு இருப்பிடங்களை ஒப்பிட்ட பிறகுதான். ஜீப்ரா மீனின் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஈடாகச் சாதாக் கெண்டையில் இரண்டு குரோமோசோம்கள் இருப்பதை மரபணு வரைபடங்கள் காட்டின.

வேறு எண், நெருங்கிய உறவு

இதன் மறுபக்கத்தை விரால் பேரினமான சன்னாவில் காணலாம். நம் ஏரி குளங்களில் வாழும் குரவைக்கு 32, விராலுக்கு 40, பெரிதாக வளரும் சன்னா மருலியஸ் இனத்துக்கு 44 என்று அறிக்கைகள் கூறுகின்றன. ஒரே பேரினத்துக்குள் 12 எண் வேறுபாடு. எண்ணை மட்டும் பார்த்தால் இவற்றை உறவினர் என்றே சொல்லத் தோன்றாது.

இதற்கு விளக்கம் குரோமோசோமின் வடிவில் இருக்கிறது. சென்ட்ரோமியர் ஓரத்தில் இருந்தால் குரோமோசோமுக்கு ஒரு கை; நடுவில் இருந்தால் இரு கைகள். ஒருகைக் குரோமோசோம்கள் இரண்டு சென்ட்ரோமியர் அருகே ஒட்டிக்கொண்டால் இருகைக் குரோமோசோம் ஒன்று உண்டாகிறது. எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது. மரபுப் பொருள் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. குரவையின் 32 குரோமோசோம்களில் பெரும்பாலானவை இருகைக் குரோமோசோம்களே. ஆகவே 32 என்ற சிறிய எண்ணைக் கண்டு அதன் மரபணுக்கள் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது.

அப்படியானால் கைகளை எண்ணினால் போதாதா? இங்கும் எச்சரிக்கை தேவை. 1964இல் லெவான், பிரெட்கா, சாண்ட்பெர்க் ஆகியோர் வகுத்த முறைப்படி, நீண்ட கையைக் குட்டைக் கையால் வகுத்து வரும் விகிதம் 1.7 வரை இருந்தால் ஒரு வகை, 3 வரை மற்றொன்று, 7 வரை வேறொன்று, அதற்கு மேல் இன்னொன்று. மனிதக் குரோமோசோம் போன்ற பெரியவற்றுக்கு இது வசதியானது. மீன் குரோமோசோம்கள் மிகச் சிறியவை. கோல்ச்சிசின் சற்று அதிக நேரம் இருந்தால் அவை மேலும் சுருங்கிவிடும். குட்டைக் கை கண்ணுக்கே தெரியாமல் போகும். ஒரே மீனுக்கு இரு ஆய்வாளர்கள் வெவ்வேறு கை எண்ணிக்கை தருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு குறையும் உண்டு. சன்னா காச்சுவா என்ற ஒரே பெயரில் 52 என்றும் 78 என்றும் எண்கள் பதிவாகியுள்ளன. எண்ணியதில் தவறா, இடத்துக்கு இடம் மாறுபாடா, அல்லது ஒரே பெயருக்குள் பல சிற்றினங்கள் ஒளிந்திருக்கின்றனவா? மீன் பிடிக்கப்பட்ட நீர்நிலையைக் குறித்து, அதன் உடலையும் அருங்காட்சியகத்தில் பாதுகாத்திருந்தால் ஒருவர் திரும்பச் சென்று சரிபார்க்கலாம். அவ்வாறு செய்யாத அறிக்கையின் எண் எவ்வளவு துல்லியமானாலும் அதை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்துவது கடினம்.

மரபணு இருப்பிடம் என்று சொல்லப்படுவது

அண்மைக் காலக் கட்டுரைகள் பலவற்றில் மரபணுக்களின் இருப்பிடத்தையும் ஒப்பிட்டிருப்பதாகத் தலைப்பிலேயே கூறப்படும். உள்ளே சென்று பார்த்தால் பெரும்பாலும் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுக்கள் மட்டுமே இருக்கும். முன்பு வெள்ளி நைட்ரேட் சாயம் பயன்பட்டது. இது கடைசியாகச் செயல்பட்ட மரபணுத் திரள்களை மட்டுமே கறுப்பாகக் காட்டும். உறங்கிக் கிடந்தவை தெரியாது. ஆகவே ஒரே மீனின் இரு செல்களில் புள்ளிகளின் எண்ணிக்கை மாறலாம். இப்போது ஒளிரும் டிஎன்ஏ துண்டுகளைக் குரோமோசோமோடு இணையச் செய்து 18எஸ், 5எஸ் மரபணுத் திரள்கள் இருக்கும் இடத்தை நேரடியாகக் காண்கிறார்கள். இது பெரிய முன்னேற்றம்.

ஆயினும் இந்த மரபணுக்கள் நூற்றுக்கணக்கான படிகளாகத் திரண்டு இருப்பதால்தான் எளிதில் ஒளிர்கின்றன. அத்தகைய திரள்கள் ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குத் தாவுவதும், பெருகுவதும், மறைவதும் பரிணாமத்தில் அடிக்கடி நிகழ்கின்றன. இரு இனங்களில் அவை வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதை வைத்து இனங்களைப் பிரித்தறியலாம். எது எதற்கு நெருங்கியது என்ற உறவு மரத்தை இதைக் கொண்டு மட்டும் வரைவது துணிச்சலான செயல்.

மெடாக்கா தரும் பாடம்

உண்மையான மரபணு இருப்பிட ஒப்பீடு எதைத் தரும் என்பதற்கு ஒரைசியாஸ் பேரினம் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. ஜப்பானிய நெல்வயல்களில் வாழும் மெடாக்கா இதைச் சேர்ந்தது. மெடாக்காவுக்கு 48 குரோமோசோம்கள். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலுள்ள ஒரைசியாஸ் செலிபென்சிஸ் இனத்துக்கு 36. அங்கு ஆறு இணைகள் வேறு ஆறு இணைகளுடன் ஒட்டிக்கொண்டன. எண் 12 குறைந்தது. இதுவரை விரால் சொன்ன கதையேதான்.

வியப்பு அடுத்ததில் இருக்கிறது. 1921ஆம் ஆண்டிலேயே ஜப்பானியர் டாட்சுவோ ஐடா, மெடாக்காவின் உடல் நிறம் ஆண் மீன் வழியாகக் கடத்தப்படுவதை இனக்கலப்புச் சோதனைகளால் காட்டினார். அதாவது மெடாக்காவில் எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் உண்டு. ஆனால் சாதாரணச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் அவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. கண்ணுக்குத் தெரியாததை மரபணுவின் போக்குவரத்து காட்டிக்கொடுத்தது. ஆணைத் தீர்மானிக்கும் டிஎம்ஒய் என்ற மரபணு 2002இல் கண்டறியப்பட்டது. 9ஆம் குரோமோசோமிலுள்ள டிஎம்ஆர்டி1 மரபணுவின் படி ஒன்று 1ஆம் குரோமோசோமில் வந்து அமர்ந்ததால் இது உண்டானது.

பிலிப்பைன்சின் லூசோன் தீவிலுள்ள ஒரைசியாஸ் லூசோனென்சிஸ் மெடாக்காவுக்கு மிக நெருங்கிய உறவு. அதற்கும் 48 குரோமோசோம்களே. ஆனால் அதில் டிஎம்ஒய் இல்லை. 12ஆம் குரோமோசோமிலுள்ள ஜிஎஸ்டிஎஃப் என்ற மரபணு அந்த வேலையைச் செய்வதாக 2012இல் தெரியவந்தது. இந்தியக் கழிமுகங்களிலும் வாழும் ஒரைசியாஸ் டான்சினாவில் 10ஆம் குரோமோசோமிலுள்ள சாக்ஸ்3 மரபணு அதே பொறுப்பை ஏற்றிருக்கிறது என்று 2014இல் வெளியானது. பாலூட்டிகளில் ஆணைத் தீர்மானிக்கும் எஸ்ஆர்ஒய் மரபணு சாக்ஸ்3இலிருந்தே வந்தது என்பதையும் இங்கு நினைவுகொள்ளலாம். ஒரைசியாஸ் ஜாவானிக்கஸ் இனத்திலோ முறையே தலைகீழ்: அங்கு ஆணுக்கு ஒரே வகையான இரு குரோமோசோம்கள், வேறுபட்ட இணை பெண்ணுக்கு.

இந்த நான்கு இனங்களின் குரோமோசோம்களையும் எண்ணினால் நான்கிலும் 48. அட்டவணையில் நான்கு வரிகளும் ஒன்றுபோலவே இருக்கும். பால் நிர்ணயம் என்னும் அடிப்படை வேலை ஒவ்வொன்றிலும் வெவ்வேறு குரோமோசோமில் நடப்பது அட்டவணைக்குத் தெரியாது.

மதிப்பீடு

இனக்கலப்பு, மரபணு வரைபடம், முழு மரபுத்தொகுதி வாசிப்பு ஆகியவற்றால்தான் மெடாக்கா ஆய்வு இவ்வளவு தூரம் வந்தது. ஒவ்வொரு மீனுக்கும் இதைச் செய்யப் பணமும் காலமும் இல்லை என்ற வாதம் நியாயமானது. எண்ணிக்கை ஆய்வுகளைக் கைவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவற்றிலிருந்து பெறக்கூடிய முடிவின் எல்லையை அந்த ஆய்வுகளே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதே கோரிக்கை.

குரோமோசோம் ஒப்பீட்டுக் கட்டுரையை வாசிக்கும் மாணவர் நான்கு கேள்விகளை உடன் வைத்துக்கொள்ளலாம். மீன் எங்கே பிடிக்கப்பட்டது, அடையாளம் சரிபார்க்கத்தக்கதா? எண் மாறியிருந்தால் கைகளும் மாறினவா? மரபணு இருப்பிடம் என்பது திரண்ட மரபணுக்களைப் பற்றியதா, தனி மரபணுவைப் பற்றியதா? எண் ஒன்றாக இருப்பதை உறவுக்குச் சான்றாகக் காட்டியிருக்கிறார்களா? நான்காம் கேள்விக்கு ஆம் என்ற விடை வந்தால், அந்த முடிவை மட்டும் ஏற்காமல் நிறுத்திவைப்பது நல்லது.

பாடநூல் அட்டவணையில் ரோகு 50 என்று எழுதுவதில் பிழை ஒன்றும் இல்லை. அதன் அருகிலேயே கட்லா, ரோகு கலப்பினத்துக்கும் 50தான் என்ற ஒரு வரியைச் சேர்த்தால், மாணவர் எண்ணோடு அதன் எல்லையையும் கற்றுக்கொள்வார்.