கட்டணம் கடைக்காரருக்கு, வாக்கு கட்டடக்காரருக்கு

கொரோனாவுக்குப் பிறகு அமெரிக்க நகர மையங்களில் அலுவலகங்கள் காலியாகித் தெருக்கள் களையிழந்ததும், சொத்துகளின் மீது தீர்வை வாங்கித் தெருவைப் பராமரிக்கும் வணிக மேம்பாட்டு வட்டாரங்களுக்கு மறுபடியும் மவுசு கூடியிருக்கிறது. தெருவை இந்த வட்டாரங்களை நடத்துபவர்களிடம் விட்டுவிட்டால் நகராட்சியைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்ற பேச்சு பலமாகக் கேட்கிறது. இந்த வட்டாரங்களின் நிர்வாகக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றி யாராவது கேள்வி எழுப்பினால், ஒரே பதில்தான் வருகிறது: பணம் கட்டுவது கட்டட உரிமையாளர்கள், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பதும் அவர்களாகவே இருக்கட்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பணத்தை உண்மையில் யார் கட்டுகிறார்கள் என்று கடை வாடகை ஒப்பந்தங்களைப் பிரித்துப் பார்த்தவர்களால் இந்தப் பதிலை ஏற்றுக்கொள்ள முடியாது.

அமைப்பின் பலன்களை மறுப்பதற்கில்லை. எண்பதுகளில் போதைப்பொருள் வியாபாரிகளின் கையிலிருந்த நியூயார்க்கின் பிரையன்ட் பூங்கா, இப்படியொரு வட்டாரத்தின் பொறுப்பில் 1992இல் மறுபடியும் திறந்தபோது, மக்கள் தேடிப் போகும் இடமாகியிருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரங்களை ஆராய்ந்த லியா புரூக்ஸ், அங்கே குற்றங்கள் 6 முதல் 10 சதவீதம் வரை குறைந்ததாக 2008இல் கணக்கிட்டார். அதே நகரத்தைப் பற்றி மறு ஆண்டு வந்த ராண்ட் நிறுவன ஆய்வு, வழிப்பறி 12 சதவீதம் குறைந்தது என்றது. நடைபாதை சுத்தமாகிறது, விளக்கு எரிகிறது, குப்பைத் தொட்டி நிரம்பி வழிவதில்லை. குழுவில் அமர்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காமல் நேரம் ஒதுக்குகிறார்கள். இவையெல்லாம் சரி.

குழுவில் யார் அமர்கிறார்கள் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நியூயார்க் நகரத்தில் இப்போது 75க்கும் மேற்பட்ட வட்டாரங்கள் இருக்கின்றன. எல்லைக்குள் உள்ள சொத்துகளின் மீது ஒரு கூடுதல் தீர்வை விதிக்கப்படுகிறது. சொத்து வரியோடு சேர்த்து நகர நிர்வாகமே அதை வசூலித்து, வட்டாரத்தை நடத்தும் சங்கத்திடம் கொடுத்துவிடுகிறது. விருப்பமில்லை என்று யாரும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பெயரை என்னவென்று வைத்தாலும் இது வரிதான். சங்கத்தின் குழுவில் கட்டட உரிமையாளர், கடை வைத்திருக்கும் வாடகைதாரர், குடியிருக்கும் வாடகைதாரர் என்று வகை பிரித்துத் தேர்தல் நடக்கிறது. மேயர் உள்ளிட்ட மக்கள் பிரதிநிதிகளின் நியமனங்களுக்கும் சில இடங்கள் உண்டு. வாடகைதாரர்களுக்குக் குழுவில் இடம் இருக்க வேண்டும் என்று சொல்லும் மாநிலச் சட்டமே, உரிமையாளர்களின் பிரதிநிதிகள் பெரும்பான்மைக்குக் குறையக்கூடாது என்றும் சொல்கிறது. அதாவது, வாக்குப்பெட்டி வருவதற்கு முன்பே முடிவு எழுதப்பட்டுவிட்டது. எத்தனை கடைக்காரர்கள் ஒன்று சேர்ந்தாலும், எவ்வளவு உழைத்தாலும், குழு அவர்கள் கைக்கு வராது.

கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள வட்டாரம் இதற்குத் தெளிவான சான்று. தொண்ணூறுகளில் அதன் குழுவில் 52 இடங்கள். உரிமையாளர்களுக்கு 31, வணிக வாடகைதாரர்களுக்கு 16, நியமனங்களுக்கு 4. குடியிருக்கும் வாடகைதாரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒன்று. அங்கே கூட்டுறவு அடுக்ககத்தில் பங்கு வைத்திருந்தவர்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற அரசியல் சட்ட நெறி உள்ளாட்சிகளுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1968இலேயே சொல்லியிருந்தது. ஆனால் 1998இல் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த வட்டாரத்தின் வேலை குறுகியது, அதன் சுமை உரிமையாளர்கள் மீதே அதிகம் விழுகிறது, ஆகவே அந்த நெறி இதற்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. காவல், துப்புரவு, வீடற்றவர்களுக்கான சேவை என்று அரசு செய்யும் வேலைகளைச் செய்யும் அமைப்பை அப்படிக் கழித்துக்கட்ட முடியாது என்று மாறுபட்டார் நீதிபதி ஜாக் வைன்ஸ்டீன். சிறுபான்மைத் தீர்ப்பு என்பதால் அது ஏட்டோடு நின்றுவிட்டது.

'சுமை உரிமையாளர்கள் மீது விழுகிறது' என்ற அந்த வாசகத்தைத்தான் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். ரசீது உரிமையாளர் பெயருக்கு வருகிறது, உண்மை. பிறகு என்ன ஆகிறது? அமெரிக்க வணிகக் குத்தகைகளில் 'டிரிபிள் நெட்' என்று ஒரு வகை பரவலாக உண்டு. சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு மூன்றையும் வாடகைக்கு மேலே கடைக்காரரே கட்ட வேண்டும். அந்த அளவுக்குப் போகாத ஒப்பந்தங்களிலும், சொத்து வரி கூடினால் கூடிய தொகையில் கடைக்காரருக்கு ஒரு பங்கு என்ற விதி சகஜம். வட்டாரத் தீர்வையும் இந்த வழியாகவே கடைக்காரர் தலைக்கு இறங்குகிறது. சலூன் வைத்திருப்பவரும், செருப்புத் தைப்பவரும், சாண்ட்விச் விற்பவரும் மாதாமாதம் அதைக் கட்டுகிறார்கள். அவர்கள் கட்டிய பணத்துக்கான வாக்குப் பலம், ரசீதில் பெயர் உள்ளவரிடம் இருக்கிறது.

'கட்டுபவருக்கே வாக்கு' என்ற கொள்கையை அதன் போக்கிலேயே விட்டுப் பார்த்தாலும், அது கடைக்காரர் பக்கம்தான் சாய வேண்டும். சாயவில்லை.

பலன் யாருக்கு என்று கேட்டால் வழக்கு இன்னும் வலுக்கிறது. நியூயார்க் வட்டாரங்களைப் பற்றி நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃபர்மன் மையம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, பெரிய வட்டாரங்களில் வணிகச் சொத்துகளின் மதிப்பு கணிசமாக உயர்ந்ததாகக் கண்டது; சிறு வட்டாரங்களில் பெரிதாக உயரவில்லை. மதிப்பு ஏறினால் அது உரிமையாளரின் சொத்தில் சேர்கிறது. கடைக்காரருக்கு வியாபாரம் கொஞ்சம் கூடலாம். ஆனால் குத்தகை முடிந்து புதுப்பிக்கும்போது, அந்த உயர்வு புதிய வாடகையாக அவரிடமே திரும்பி வருகிறது. நியூயார்க்கில் வணிக வாடகைக்குக் கட்டுப்பாடு 1963உடன் முடிந்துபோனது. தெருவை அழகாக்கக் காசு கொடுத்த கடைக்காரர், அந்த அழகின் காரணமாகவே தெருவைவிட்டு வெளியேற நேரும். இப்படிப்பட்ட ஒருவரின் குரல் அடங்கியே இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டு உறுதி செய்திருப்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

உரிமையாளர்களுக்கு வாக்கில் முன்னுரிமை தருவதற்கு நீதிமன்றங்கள் முன்னுதாரணமாகக் காட்டுவது 1973இல் வந்த சால்யர் தீர்ப்பு. கலிஃபோர்னியாவின் டுலாரே ஏரிப் படுகையில் ஒரு நீர்த்தேக்க மாவட்டம். அங்கே நில மதிப்புக்கு ஏற்ப வாக்கு. நிலமில்லாத குடிகளுக்கும் குத்தகை விவசாயிகளுக்கும் வாக்கே இல்லை. குத்தகைக்காரர் வேண்டுமானால் நிலக்காரரிடம் பேசி, அவருக்குப் பதிலாக வாக்களிக்கும் உரிமையைப் பெற்றுக்கொள்ளலாம் என்ற ரீதியில் தீர்ப்பு ஆறுதல் சொன்னது. மாறுபட்டு எழுதிய நீதிபதி டக்ளஸ், அந்த வாக்குமுறை என்ன செய்தது என்பதை எடுத்துச் சொன்னார். 1969 வெள்ளத்தின்போது பியூனா விஸ்டா ஏரிப் பக்கம் தண்ணீரைத் திருப்பும் முடிவைக் குழு தள்ளிவைத்தது. அந்த ஏரிப் படுகையில் பயிர் வைத்திருந்தது போஸ்வெல் நிறுவனம். பெரும்பான்மை வாக்குகளைத் தன் கையில் வைத்திருந்ததும் அதே நிறுவனம்தான். வெள்ளம் மற்றவர்களின் நிலத்தில் புகுந்தது.

விவசாய நிலத்தின் நீர்ப்பாசனக் கணக்கை மன்ஹாட்டன் நடைபாதைக்குப் பொருத்துவதே பிழை. அதிலும், ஒரு சலூன்காரர் வானுயர் கட்டடத்தின் உரிமையாளரிடம் போய், வாக்கைத் தனக்குக் கொடுக்கும்படி பேரம் பேசி வாங்கிக்கொள்ளட்டும் என்று எதிர்பார்ப்பது, பேரத்தில் யாருடைய கை ஓங்கியிருக்கிறது என்பதையே மறந்த பேச்சு.

கட்டுபவர் கொள்கையில் அதன் ஆதரவாளர்களுக்கே நம்பிக்கை உண்டா என்ற சந்தேகத்தைக் கிளப்புவது மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரம். அங்கே 2015இல் 'பிசினஸ் லூப்' சாலையை ஒட்டி ஒரு வட்டாரம் உருவானது. அரை சதவீத விற்பனை வரி விதிப்பது திட்டம். விற்பனை வரியைக் கட்டுவது கட்டட உரிமையாளர் அல்லர்; கடைக்கு வந்து பொருள் வாங்குகிறவர். கொள்கைப்படி அவருக்கல்லவா வாக்கு இருக்க வேண்டும்? மாறாக, வட்டாரத்துக்குள் பதிவு பெற்ற வாக்காளர் எவரும் இல்லையென்றால் சொத்து உரிமையாளர்களே வரியை முடிவு செய்யலாம் என்ற விதியைக் கணக்கில் வைத்து, வீடுகளை ஒதுக்கி எல்லைக்கோடு வளைத்து வளைத்து வரையப்பட்டது. ஒரு கல்லூரி மாணவி மட்டும் கோட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டார். அவருடைய ஒற்றை வாக்கில் வரியின் தலைவிதி தொங்குவதாக நாடு முழுக்கச் செய்தி பரவியது. பிறகு பட்டியலில் வேறு சிலரும் இருப்பது தெரியவந்தது. கடைசியில் பதிவான வாக்குகள் ஏழு. நான்குக்கு மூன்று என்ற கணக்கில் வரி நிறைவேறியது. உரிமையாளர் கட்டும்போது கட்டுபவருக்கு வாக்கு. வாங்குபவர் கட்டும்போது உரிமையாளருக்கு வாக்கு. இரண்டிலும் மாறாமல் இருப்பது உரிமையாளர் மட்டும்தான்.

கடைக்காரர்கள் இன்று இருப்பார்கள், நாளை போவார்கள். உரிமையாளர்தான் நிலையானவர் என்பது இன்னொரு வாதம். குத்தகை ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று போகிறது. புதுப்பித்துப் புதுப்பித்து அதே தெருவில் தலைமுறை கடந்த கடைகள் உண்டு. மறுபக்கம், நகர மையக் கட்டடங்களில் பல இன்று முதலீட்டு நிறுவனங்களின் பெயரில் இருக்கின்றன. விலை நன்றாக வந்தால் அவை கை மாறிவிடும். காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கி வாசலைப் பெருக்குகிறவர் நிலையற்றவர், தெருவைப் பார்த்தே இராத பங்குதாரர் நிலையானவர் என்றால், அந்த நிலைத்தன்மை பத்திரத்தில் மட்டும்தான் இருக்கிறது.

வாடகைதாரர்கள் தேர்தலில் அக்கறை காட்டுவதில்லை என்றும் குறை சொல்கிறார்கள். பல வட்டாரங்களில் தீர்வை தானாக வந்துவிடும். வாக்குரிமை மட்டும் உறுப்பினர் படிவம் நிரப்பினால்தான் வரும். பதவியிலிருக்கும் குழுவே ஒரு நியமனக் குழுவை அமைத்து, எத்தனை இடமோ அத்தனை பெயரைப் பட்டியலிட்டு, ஆண்டுக் கூட்டத்தில் முன்வைக்கும். கூட்டம் பெரும்பாலும் கடை நடக்கும் நேரத்தில். இப்படி நடப்பதற்குத் தேர்தல் என்று பெயர் வைத்துவிட்டு, வரவில்லையே என்று கடைக்காரரைக் குறை சொல்வது அநியாயம்.

இந்த அமைப்பு பிறந்த ஊரிலேயே மாற்று வழி இருக்கிறது. டொரோண்டோவின் புளூர் வெஸ்ட் வில்லேஜ் கடைத்தெரு, பேரங்காடிகளுக்கு ஈடுகொடுப்பதற்காக 1970இல் தொடங்கியதுதான் உலகின் முதல் வட்டாரம். இன்று அந்த நகரத்தில் எண்பதுக்கும் மேல். தெற்காசியக் கடைகள் நிறைந்த ஜெரார்ட் இந்தியா பஜாரும் அவற்றில் ஒன்று. டொரோண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் சட்டப்படி உரிமையாளரும் உறுப்பினர், வணிக வாடகைதாரரும் உறுப்பினர். எத்தனை சொத்து இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. வட்டாரம் அமைக்கும் அறிவிப்பு உரிமையாளருக்கு வந்தால், வரியில் பங்கு கட்டும் ஒவ்வொரு வாடகைதாரருக்கும் அவர் 30 நாளுக்குள் நகல் கொடுக்க வேண்டும். யார் யார் எவ்வளவு பங்கு கட்டுகிறார்கள் என்ற பட்டியலை நகராட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். கடைக்காரர்தான் கட்டுகிறார் என்பதை அந்தச் சட்டம் ஒளிக்காமல் ஏற்றுக்கொள்கிறது. இங்கிலாந்திலும் பெரும்பாலும் தீர்வை கட்டுவது இடத்தைப் பயன்படுத்தும் வணிகர். வாக்குச் சீட்டும் அவருக்கே போகிறது. இரண்டு நாடுகளிலும் உரிமையாளர்கள் ஓடிவிடவில்லை, தெருக்கள் பாழாகவும் இல்லை.

இவ்வளவு தூரம் இருக்கைக் கணக்கைப் பேசுவதற்குக் காரணம், அந்த இருக்கைகளில் எடுக்கப்படும் முடிவுகள் சிலரின் பிழைப்பையே தொடுகின்றன. கிராண்ட் சென்ட்ரல் வட்டாரம் வீடற்றவர்களைப் பயிற்சி என்ற பெயரில் மணிக்கு ஒரு டாலர், ஒன்றரை டாலருக்கு வேலை வாங்கியது. அவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி தந்தாக வேண்டும் என்று 1998இல் நீதிபதி சோனியா சோட்டோமேயர் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் 2013இல், ஏற்கெனவே இருந்த ஒரு வட்டாரத்தை ரூஸ்வெல்ட் அவென்யூ நெடுகிலும் விரிக்கும் யோசனை வந்தபோது, புலம்பெயர்ந்த சிறு வணிகர்களும் தெரு வியாபாரிகளும் வீதிக்கு வந்து எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அவர்கள் வீதியில் இறங்கியதற்குக் காரணம் உண்டு. ஒரு வட்டாரத்தை நியூயார்க்கில் ஆட்சேபித்துத் தடுக்க வேண்டுமானால், உரிமையாளர்களில் 51 சதவீதம் பேரோ, சொத்து மதிப்பில் 51 சதவீதத்தை வைத்திருப்பவர்களோ எழுதிக் கொடுக்க வேண்டும். வாடகைதாரரின் ஆட்சேபம் அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை.

ஆல்பனியில் உள்ள நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. உரிமையாளர்களுக்குப் பெரும்பான்மை என்ற விதியை நீக்க வேண்டும். தீர்வையில் பங்கு கட்டும் வாடகைதாரர்களின் பட்டியலை ஒன்டாரியோவைப் போல உரிமையாளரிடம் கேட்டு வாங்கி, படிவம் எதுவுமின்றி அவர்களை வாக்காளர்களாக்க வேண்டும். ஆட்சேபக் கணக்கிலும் அவர்களைச் சேர்க்க வேண்டும். அதுவரை, பணம் கட்டுகிறவர்களே முடிவு செய்கிறார்கள் என்று சொல்வதை இந்த வட்டாரங்களின் ஆதரவாளர்கள் நிறுத்திக்கொள்ளட்டும்.