தேய்மானத்தைக் கழித்து அளப்பது

சிவகாசியின் தொழில் வரலாறே பார்த்தும் பிரித்தும் கற்றதுதான். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து ஊருக்குத் தோதாக மாற்றிக்கொண்டார்கள். அச்சகங்களுக்கு வெளிநாட்டுப் பழைய ஆப்செட் இயந்திரங்கள் வந்தபோது, உதிரிபாகம் கிடைக்காத இடத்தில் லேத் பட்டறையே கதி. பழைய பாகத்தைப் பார்த்துப் புதிதாகச் செய்து தரும் அந்த வேலையை ‘வெறும் காப்பி’ என்று ஒதுக்குவது அநியாயம். தேய்ந்த பல்சக்கரத்தை அப்படியே அளந்து வெட்டினால் தேய்மானத்தைத்தான் பிரதி எடுத்திருப்போம். நாற்பது பல், வெளிவிட்டம் 83.6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, அதால் வெளிவிட்டத்தை வகுத்தால் 1.99 வரும். அப்படியானால் பல்லின் அளவைக் குறிக்கும் மாட்யூல் 2; சக்கரம் புதிதாக இருந்தபோது 84. வெர்னியர் காட்டாத அளவு இது.

முப்பரிமாண ஸ்கேனர் வந்துவிட்டதே, இனி இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். வீடியோ கேம் கன்ட்ரோலரின் பொத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கச்சுவர் நேராக நிற்பதில்லை. வார்ப்பு அச்சிலிருந்து கழன்று வருவதற்காக லேசாகச் சாய்ந்திருக்கும். ஸ்கேனர் அந்தச் சாய்வையும் விரல் தேய்த்த பள்ளத்தையும் ஒரே மாதிரிதான் பதியும். எது வேண்டியது, எது விபத்து என்று பிரிப்பவர் கணினியில் மாடல் வரைகிறவர்தான். இப்படிப் பார்த்துச் செய்வது திருட்டு இல்லையா என்றால், பிறர் முத்திரையைக் குத்தி விற்பது திருட்டுதான், சந்தேகமில்லை. தயாரித்தவரே கைவிட்ட பாகத்தைச் செய்து ஓடாத இயந்திரத்தை ஓடவைப்பது வேறு கணக்கு.