அடுக்கு நிலமும் புதுச் சுவரும்

பழைய நிலத்தின்மேல் புதுக் கட்டடம் எழுப்புவோன் பழைய நூலுக்கு உரை காண்பானை ஒப்பான். மூலத்தை மறைத்தலும் ஆகாது. தன் குரலை முற்றும் அடக்கிக்கொள்ளுதலும் ஆகாது. இவ்வளவுகோல் கொண்டு, செருமனி நாட்டுக் கொலோன் நகரில் 2007-இல் திறக்கப்பெற்ற கோலும்பா அருங்காட்சியகத்தை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இதனை வகுத்தவர் சுவிட்சர்லாந்தினரான பீட்டர் சும்தோர்.

உரோமர் காலத்து எச்சங்கள் அந்நிலத்தின் அடியிலுள்ளன. அவற்றின்மேல் இடைக்காலக் கோயில்களின் சுவடுகள். அவற்றுக்கும் மேலே பிற்காலக் கோதிக் பாணியில் எழுந்த புனித கோலும்பா கோயில். இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சில் அக்கோயில் இடிந்தொழிய, கன்னிமரியின் கற்சிலை ஒன்று எஞ்சி நின்றது. அச்சிலைக்கெனக் கோட்ஃபிரீடு பேம் என்பார் இடிபாடுகளின் நடுவே எண்கோணச் சிற்றாலயம் ஒன்றை அமைத்து 1950-இல் முடித்தார். கீழடுக்குகள் 1970-களின் அகழாய்வில் வெளிப்பட்டன.

சும்தோரின் திறம் சுவரில் விளங்குகின்றது. நீண்டு மெலிந்த சாம்பல்நிறச் செங்கற்களை (செம்மை சிறிதுமில்லாத அவற்றைச் செங்கல் என்பதும் ஒரு வழக்கே) முறிந்து நின்ற கோதிக் சுவரின்மேல் நேரே வைத்துக் கட்டினார். முறிவு யாண்டுளதோ ஆண்டே புதுச் சுவர் தொடங்குகின்றது. இழந்ததை இழவாததுபோற் காட்டும் போலிமை அங்கில்லை. அகழாய்வுக் களத்தைச் சூழ்ந்த சுவரில் துளைகள் விடப்பட்டமையால் ஒளியும் காற்றும் சிதறி உட்புகுகின்றன. இடிபாடுகளுக்கு மேலே செந்நிற மரப்பாதை மடங்கி மடங்கிச் செல்கின்றது. இவ்வளவில் எமக்கு மறுப்பில்லை.

பேமின் சிற்றாலயத்திற்கு நேர்ந்ததே எம் தடை. வெட்டவெளியில், பாழின் நடுவே, பகலொளியைத் தன் சாளரங்களில் நேரே ஏற்று நிற்க வகுக்கப்பெற்றது அது. இன்றோ பெருங்கூடத்தினுள் அடைபட்டு, வடிகட்டிய ஒளியையே பெறுகின்றது. வழிபடுவார்க்குத் தெருவிலிருந்து தனி வாயில் உண்டு என்பது மெய்யே. ஆயினும், போருக்குப் பின்னர் அந்நகர் பேசிய முதற்சொல் அவ்வாலயம். அச்சொல் இப்போது பிறிதொருவர் வாக்கியத்தின் இடையே மேற்கோளாய்ச் சுருங்கிவிட்டது. ஈராயிரம் ஆண்டுப் பழமைக்குக் காட்டிய பணிவு, ஐம்பது ஆண்டுப் பழமைக்குக் காட்டப்படவில்லை. தொன்மை ஒன்றே அடுக்காகும் என்று கொண்டமையின் விளைவு இது. கூரையின்றி இடிபாடுகளைக் காத்தல் அரிது எனச் சும்தோர் சார்பில் விடை கூறலாம். கூரை வேண்டுமென்பதை யாமும் ஒப்புகின்றோம். ஆயின் மரப்பாதையின் முடிவிலுள்ள பழைய பூசைப்பொருள் அறையை அவர் கூரையின்றி வானுக்குத் திறந்தே விட்டுள்ளார். அங்கே ரிச்சர்டு செராவின் இரும்புச் சிற்பம் மழையில் நனைந்து நிற்கின்றது. அத்திறப்பைச் சிற்றாலயத்தின் ஒரு பக்கத்துக்கேனும் அளித்திருக்கலாகாதோ என்பதே எம் வினா.